படைவீரர் பிள்ளை உங்கள் பள்ளிக்கு வரும்போது

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும்,

படைவீரர் ஒருவரின் பிள்ளை நடு ஆண்டில் டி.சி.யோடு உங்கள் பள்ளிக்கு வருகிறது என்றால், பெரும்பாலும் அதன் தந்தை எல்லைப் பகுதிக்குப் போயிருக்கிறார் என்று பொருள். ராணுவப் பணி இரண்டு வகை இடங்களில் மாறி மாறி நடக்கிறது. மீரட், ஜபல்பூர், அம்பாலா, புனே, செகந்திராபாத் போன்ற கன்டோன்மென்ட் ஊர்களில் அமைவது பீஸ் போஸ்டிங். குவார்ட்டர்ஸ் கிடைத்தால் அங்கே மனைவி மக்களோடு வாழலாம். குப்வாரா, ரஜௌரி, லடாக், தவாங் பக்கம் போவது ஃபீல்டு போஸ்டிங். அங்கே குடும்பத்துக்கு இடமில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றம் வருகிறது. ஃபீல்டுக்கு உத்தரவு வந்ததும், வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் எண்ணும் எழுதிய கருப்பு டிரங்குப் பெட்டிகளோடு தாயும் பிள்ளைகளும் சொந்த ஊருக்கு ரயிலேறுகிறார்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை உங்கள் அறை வாசலில் நிற்கிறது. உங்கள் பதிவேட்டில் அது ஒரு புதிய சேர்க்கை. அந்தப் பிள்ளையோ தந்தையையும் வீட்டையும் நண்பர்களையும் பள்ளியில் பேசிய மொழியையும் சில நாட்களுக்குள் பிரிந்து வந்திருக்கிறது. இந்த மடல் அந்தப் பிள்ளைக்காக எழுதப்படுகிறது.

தமிழ்நாட்டில் இது அரிதான செய்தி அல்ல. வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்ததால் அதை ராணுவப்பேட்டை என்றே மக்கள் அழைக்கிறார்கள். முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து தொடரும் வழக்கம் அது. திருவண்ணாமலை, ராமநாதபுரம், தேனி, விருதுநகர், தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் படைக்கு ஆள் அனுப்பும் கிராமங்கள் உண்டு. 1758இல் தோன்றிய மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் நீலகிரியின் வெலிங்டனில் இருக்கிறது. அந்த ஒரு ரெஜிமெண்டோடு கதை முடிவதில்லை. பீரங்கிப் படை, பொறியாளர் படை, மருத்துவப் படை, சப்ளைப் பிரிவு, கடற்படை, விமானப்படை என எங்கும் தமிழர்கள் பணியாற்றுகிறார்கள். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவத்தினரின் வீடுகளிலும் பிரிவு இதே வடிவில்தான் வருகிறது. சில வீடுகளில் படையில் இருப்பவர் தாய், ராணுவ மருத்துவமனைச் செவிலியராகவோ அதிகாரியாகவோ. இந்த மாவட்டங்களில் பணிபுரியும் உங்களில் பலர் ஏதாவது ஓர் ஆண்டில் இப்படி ஒரு பிள்ளைக்கு வகுப்பாசிரியராக இருந்திருப்பீர்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கென்று பள்ளிகள் இல்லாமல் இல்லை. 1963இல் 20 ரெஜிமெண்ட் பள்ளிகளை எடுத்துக்கொண்டு தொடங்கியவைதான் இன்றைய கேந்திரிய வித்யாலயாக்கள். பெற்றோர் கடந்த ஏழு ஆண்டுகளில் எத்தனை முறை இடம் மாற்றப்பட்டார் என்பதைக் கணக்கிட்டு அங்கே முன்னுரிமை தருகிறார்கள். 1983இல் அமைந்த ராணுவ நலக் கல்விச் சங்கம் 130க்கும் மேற்பட்ட ஆர்மி பப்ளிக் பள்ளிகளை நடத்துகிறது. உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. இவ்வளவு இருந்தும் சாதாரண ஜவானின் பிள்ளை கடைசியில் உங்களிடம்தான் வருகிறது. கன்டோன்மென்ட் பள்ளிகள் நகரங்களில் இருக்கின்றன. ஜவானின் மனைவி மாமியார் வீட்டிலோ தாய் வீட்டிலோ இருப்பதோ கிராமத்தில். அதிகாரியின் குடும்பத்துக்கு விடுதிப் பள்ளி உண்டு, வாடகை வீடு எடுத்துத் தங்கும் வசதி உண்டு. ஃபீல்டில் இருப்போரின் குடும்பங்களுக்கெனத் தனிக் குவார்ட்டர்ஸ்களும் சில ஊர்களில் கட்டப்பட்டிருக்கின்றன, ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டும். எனவே ஒரு ஹவில்தாரின் மகளுக்கு நாடெங்கும் நிலையாகத் திறந்திருக்கும் கதவு அவளுடைய ஊராட்சியின் அரசுப் பள்ளிக் கதவு ஒன்றுதான்.

அந்தக் கதவிலேயே முதல் தடை நிற்கிறது. கேந்திரிய வித்யாலயாவில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, உங்களிடம் ஜூனில். படைப்பிரிவு இடம் மாறும் தேதியோ எந்தப் பள்ளி நாட்காட்டியையும் பார்த்து அமைவதில்லை. நவம்பரில் வரும், பிப்ரவரியில் வரும். அப்படி வரும் பிள்ளையிடம் சில பள்ளிகள் சேர்க்கை முடிந்துவிட்டது என்கின்றன. சில பள்ளிகள் டி.சி. வரட்டும் என்கின்றன. டி.சி. வந்தபின் அந்த மாநிலக் கல்வி அதிகாரியின் மேலொப்பம் இல்லை என்று திருப்பி அனுப்புகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அலுவலகத்துக்கு அந்தத் தாய் யாரை அனுப்புவார்? கணவர் ஃபீல்டில். மாமனாருக்கு இந்தி தெரியாது. பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறது, ஒரு மாதமோ இரண்டு மாதமோ.

சட்டம் இதில் உங்களுக்கு எந்தக் குழப்பமும் வைக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஒரு மாநிலத்துக்குள்ளோ மாநிலம் விட்டு மாநிலமோ மாறும் பிள்ளைக்கு அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் சேரும் உரிமையைத் தருகிறது. பழைய பள்ளி டி.சி.யை உடனே கொடுக்க வேண்டும். அது வரத் தாமதமானாலும், அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. சேர்க்கைக்காலம் முடிந்தது என்று மறுக்கக் கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை, எட்டாம் வகுப்பு முடிய, இவை பொருந்தும். வாசலில் நிற்கும் பிள்ளையை அன்றே வகுப்பில் உட்கார வைத்துவிட்டுத் தாள்களைப் பிறகு தேடலாம். அதற்கு அதிகாரம் கேட்டு யாருக்கும் எழுத வேண்டியதில்லை.

வகுப்புக்குள் வந்தபின் வரும் தடை தமிழ். கன்டோன்மென்ட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது, விளையாட்டுத் திடலில் இந்தி பேசுகிறது, வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும் எழுதுகிறது. அங்கே பள்ளியில் தமிழ் எழுதப் படிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. தாய் அகரம் சொல்லிக் கொடுத்திருந்தால் உண்டு. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்த பின் இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். அதனால் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை, அறிவியலையும் கணக்கையும் நன்றாகத் தெரிந்திருந்தும், தமிழ் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறது. ளகர, ழகரத்தில் தடுமாறுகிறது. வகுப்பு சிரிக்கிறது. ‘இந்திக்காரன்’ என்று பெயர் விழுகிறது. சில மாதங்களுக்கு முன் வடக்கே இதே பிள்ளையை ‘மதராசி’ என்று அழைத்திருப்பார்கள். இரண்டு இடத்திலும் வெளியாளாக நிற்பது ஒரு பதினோரு வயதுப் பிள்ளைக்குப் பெரிய பாரம். அதன் தந்தை இரண்டு இடங்களையும் சேர்த்துத்தான் காவல் காக்கிறார் என்பதை வகுப்பு மறந்துவிடுகிறது.

தமிழிலிருந்து விலக்குக் கேட்பது இந்த மடலின் நோக்கம் அல்ல. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் தெரிய வேண்டும், அதைக் கற்பிக்க வேண்டிய இடம் உங்கள் பள்ளி. கேட்பது முறையைப் பற்றித்தான். எல்லோர் முன்னும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லாமல், முதல் இரண்டு மூன்று மாதங்கள் தனியே வாசிக்க வையுங்கள். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்கள் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் இருக்கின்றன. அவற்றை வாங்கி, சின்னப் பிள்ளைகளின் புத்தகம் என்று தெரியாதபடி அட்டை போட்டு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். மதிய இடைவேளையில் இருபது நிமிடம் ஒரு நல்ல தோழியோ தோழனோ உடன் உட்கார்ந்தால் அரையாண்டுத் தேர்வுக்குள் பிள்ளை தேறிவிடும். பேச்சுத் தமிழ் ஏற்கெனவே நாவில் இருப்பதால் எழுத்து விரைவாகவே வந்து சேரும். அதுவரை பொறுத்துக்கொள்ளும் ஆசிரியர்தான் தேவை. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த இந்தியை ஒரு குறையாகப் பேசாதீர்கள். அது கற்றுக்கொண்ட மொழி, கற்றது எதுவும் வீணில்லை.

மொழியைவிடக் கூர்மையான ஒன்றும் அந்த முதல் வாரத்தில் நடக்கிறது. படைப்பிரிவுகளில் கோயில், மசூதி, குருத்வாரா, தேவாலயம் எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கும் சர்வ தர்ம ஸ்தலத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு பஞ்சாபி, எதிர் வீடு மலையாளி, மாடியில் நாகாலாந்துக்காரர். அங்கே ஏற்றத்தாழ்வு இல்லை என்று சொல்ல முடியாது. அதிகாரி, இளநிலை அதிகாரி (ஜே.சி.ஓ.), ஜவான் என்று குடியிருப்பே வேறுவேறாகப் பிரிந்திருக்கும், பிள்ளைகளுக்கும் அது தெரியும். ஆனால் ‘நீங்க என்ன ஆளுங்க’ என்ற கேள்வியை அந்தப் பிள்ளை முதன்முதலில் பெரும்பாலும் சொந்த ஊர்ப் பள்ளியில்தான் கேட்கிறது. கையில் கட்டும் கயிற்றின் நிறத்துக்கு ஒரு பொருள் உண்டு என்பதையும் அங்கேதான் கற்கிறது. நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறையை அடுத்து அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு, அத்தகைய கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்யுமாறு 2024இல் பரிந்துரைத்தது. வெளியிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி எழும் நாளிலேயே வகுப்பாசிரியர் குறுக்கிட வேண்டும். மறுநாள் குறுக்கிட்டால் பெஞ்சில் இடம் பிரிந்துவிட்டிருக்கும்.

அடுத்தது தந்தை இல்லாத வீடு. ஜவானுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். இவை பள்ளி விடுமுறையோடு ஒத்துவருவதில்லை, ஏனெனில் ஒரு பிரிவில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊருக்குப் போக முடியாது. கன்னியாகுமரியையும் ஜம்முவையும் இணைக்கும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஒரு வழிக்கு ஏறக்குறைய மூன்று நாள் ஓடுகிறது. தந்தை வருவது தீபாவளிக்கா, காலாண்டுத் தேர்வு நடுவிலா என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. வந்த பிறகும் முதல் சில நாட்கள் அவர் விருந்தாளி. கடைக்குட்டி அவரிடம் போகாது. பிறகு ஒழுங்கு தொடங்கும், படுக்கையை மடி, காலணியைத் துடை, ஐந்து மணிக்கு எழு. ஆறு மாதம் வீட்டைத் தனியே நடத்திய தாய்க்கும் அவருக்கும் சின்னச் சச்சரவுகள் வரும். எல்லோரும் ஒருவருக்கொருவர் பழகி, வீடு சிரிக்கத் தொடங்கும் வாரத்தில் அவர் பெட்டியைக் கட்டுவார். பிள்ளை மறுநாள் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாமல் உட்கார்ந்திருக்கும்.

அந்த நாளில் ‘அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்று சொல்லாதீர்கள். நம் பள்ளிகளில் மிக எளிதாக வாயில் வரும் தண்டனை இது. அப்பாவைக் கூட்டி வர முடியாத பிள்ளைகளில் படைவீரர் பிள்ளை ஒன்று. தந்தையை இழந்த பிள்ளை, தந்தை வளைகுடாவில் இருக்கும் பிள்ளை, தந்தை கைவிட்டுப்போன பிள்ளை என்று இன்னும் பலர் உண்டு. ‘வீட்டிலிருந்து யாரையாவது வரச்சொல்’ என்று சொன்னால் போதும். அப்படி வருகிற தாயிடம் ‘வீட்டுக்காரர் வரலையா’ என்று கேட்பதும் வேண்டாம். வங்கி, ரேஷன் கடை, வட்டாட்சியர் அலுவலகம், மாமனாரின் மருத்துவம், வயலின் எல்லைத் தகராறு எல்லாவற்றையும் அவரே பார்க்கிறார். வீட்டில் மூத்த மகள் இருந்தால் அந்தச் சுமையில் ஒரு பங்கு அவள் தோளில் விழுகிறது. எட்டாம் வகுப்பிலேயே அவள் தம்பியின் முன்னேற்ற அறிக்கையைக் கையெழுத்திட்டு வாங்க உங்களிடம் வருவாள். அவளைப் பொறுப்பான பெண் என்று பாராட்டுவதோடு நிறுத்தாமல், அவளுக்குப் படிக்க நேரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

தந்தை விடுப்பில் வந்திருக்கும்போது பிள்ளை இரண்டு மூன்று நாள் விடுப்புக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். வருகைப் பதிவு குறையும் என்பது உண்மை. ஆனால் ஓராண்டில் அந்தப் பிள்ளை தந்தையோடு இருக்கக் கிடைக்கும் நாட்கள் மிகச் சில. கொடைக்கானலுக்கோ குலதெய்வம் கோயிலுக்கோ போய்வந்த இரண்டு நாள், அடுத்த ஆறு மாதத்துக்கு அதன் மனதில் நிற்கும்.

தந்தை எங்கே இருக்கிறார் என்று கேட்டால் பிள்ளையால் பதில் சொல்ல முடியாமல் போகலாம். அது மறைக்கவில்லை. ஃபீல்டில் இருப்பவருக்குக் கடிதம் எழுதும் முகவரியில் பெயர், எண், பிரிவு, அதன்பின் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக எண்தான் இருக்கும், ஊர்ப்பெயர் இருக்காது. வீட்டிலும் ‘யார் கேட்டாலும் சொல்லாதே’ என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். சியாச்சினில் 18,000 அடிக்கும் மேலான நிலைகளில் 1984 முதல் இந்தியப் படை நிற்கிறது. அங்கிருந்தும், கடலுக்குள் போன நீர்மூழ்கிக் கப்பலிலிருந்தும், நினைத்தபோது தொலைபேச முடியாது. நேற்று வந்திருக்க வேண்டிய அழைப்பு வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளை இன்று கணக்கில் தவறலாம்.

அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களில் வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தார். உடலால் இல்லாமல், மனதால் மட்டும் வீட்டில் இருக்கும் ஒருவரைச் சுற்றிக் குடும்பம் எப்படித் தவிக்கிறது என்பதை அவர் விளக்கினார். முடிவு தெரியாத இழப்பு, தெரிந்த இழப்பைவிடத் தாங்கக் கடினமானது என்பது அவருடைய கண்டறிதல். விடுப்பில் திரும்பிவரும் தந்தையின் வீடு அந்த அளவுக்குத் துயரமானது அல்ல. ஆனாலும் அதன் மெல்லிய வடிவம் அங்கே உண்டு. சாப்பாட்டுத் தட்டு போடும்போது, மிதிவண்டி பழகும்போது, பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பிரிவு எடுப்பது என்று பேசும்போது, முடிவெடுக்க வேண்டியவர் இருக்கிறார், ஆனால் பக்கத்தில் இல்லை.

இந்தத் தவிப்பு சில நாட்களில் அச்சமாக மாறுகிறது. 2019 பிப்ரவரி 14, வியாழக்கிழமை. புல்வாமா தாக்குதலில் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள், தூத்துக்குடி, அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை, பள்ளி நாள். காஷ்மீரில் பணிபுரியும் தந்தையின் பிள்ளைகள் முந்தைய இரவின் தொலைக்காட்சிச் செய்திகளைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். இறைவணக்கத்தில் மௌன அஞ்சலி செலுத்துவது நல்ல மரபு. அந்த ஒரு நிமிடத்தில் வரிசையில் நிற்கும் அந்தப் பிள்ளையின் மனம் எங்கே போகும் என்று எண்ணிப்பாருங்கள். அத்தகைய நாளில் வகுப்பாசிரியர் காலையிலேயே அதைத் தனியே அழைத்து, ‘அப்பா பேசினாரா?’ என்று மெதுவாக ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பேசவில்லை என்றால், தாயோடு ஒருமுறை தொலைபேச அலுவலக அறையில் இடம் கொடுக்க வேண்டும். எல்லோர் முன்னும் ‘உங்கப்பா அங்கேதானே இருக்கார்?’ என்று கேட்பது கூடாது.

சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும், டிசம்பர் 7இல் வரும் கொடிநாளிலும், படைவீரர் பிள்ளையை மேடையேற்றும் வழக்கம் சில பள்ளிகளில் உண்டு. அன்பினால் செய்வதுதான். சில பிள்ளைகள் மகிழ்ச்சியோடு ஏறுவார்கள், அவர்களைத் தடுக்க வேண்டாம். கூச்சப்படும் பிள்ளையை, தந்தையின் அழைப்புக்காகக் காத்திருக்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். முந்தைய நாளே தனியாகக் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பணியில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையைச் சொன்ன ‘அமரன்’ திரைப்படம் 2024இல் வந்தபின் நாடெங்கும் படைவீரர் குடும்பங்கள் பற்றிப் பேச்சு எழுந்தது. திரையில் மற்றவர்கள் ஒரு கதையைப் பார்த்தார்கள். படைவீரர் பிள்ளை தன் வீட்டில் நடக்கக்கூடியதைப் பார்த்தது. அந்தப் படத்தை வகுப்பில் பேசும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மிலிட்டரி கேன்டீனில் பொருள்கள் மலிவு என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ‘உங்கப்பா வரும்போது ஒரு பாட்டில் வாங்கிட்டு வரச் சொல்லு’ என்று பிள்ளையிடமே சொல்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆசிரியர்களில் சிலரும் சொல்கிறார்கள். வேடிக்கையாகச் சொன்னதாக நினைக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அது அவமானம். தந்தை மாதக்கணக்கில் பனியிலும் வெயிலிலும் நின்றுவிட்டு வருவது அதற்காகத்தான் என்று ஊர் நினைப்பதாக அது புரிந்துகொள்கிறது. இந்தப் பேச்சு உங்கள் ஓய்வறையிலிருந்து ஒருபோதும் வரக் கூடாது.

தலைமையாசிரியரின் மேசைக்கு வரும் இரண்டு செய்திகள் இனி. மத்திய அரசு ஊழியருக்கும் படைவீரருக்கும் இரண்டு பிள்ளைகள் வரை கல்விப் படி உண்டு. ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பின் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 2,250 ரூபாயாக இருந்தது, 2024 ஜனவரி முதல் 2,812 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. இதைப் பெற, அந்த ஆண்டு பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தது என்று தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்று போதும். அந்த ஒரு தாளுக்காகத் தாய்மார்கள் மூன்று நான்கு முறை நடக்கும் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு முப்பத்துமூவாயிரம் ரூபாய்க்கும் மேலான தொகை அது. கேட்ட அன்றே கொடுத்துவிடுங்கள்.

மற்றது இன்னும் கனமானது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற கணக்குத்தான். தந்தைக்கு பீஸ் போஸ்டிங் கிடைத்தது என்று ஏழாம் வகுப்பை ஜபல்பூரில் படித்துவிட்டுத் திரும்பிய மாணவி, மற்ற ஆறு ஆண்டுகளும் உங்களிடமே படித்திருந்தாலும், இந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே போய்விடுகிறாள். குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த ஓராண்டுக்கு அவள் கொடுக்கும் விலை அது. விதியை மாற்றுவது அரசின் கையில் இருக்கிறது, மாற்ற வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதுவரை உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்பு முடியும்போதே இந்த விதியைத் தாயிடம் விளக்குங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், படைவீரர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடுகள், பிரதமர் கல்வி உதவித்தொகை ஆகியவை பற்றியும் சொல்லுங்கள். வெளி மாநிலத்தில் படித்த பிள்ளைக்கு உயர்கல்விச் சேர்க்கையின்போது பிறப்பிடச் சான்று தேவைப்படும். கலந்தாய்வு நெருங்கும்போது அலையாமல் முன்பே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பல தாய்மார்களுக்கு இந்தச் செய்திகள் பிளஸ் டூ முடிந்த பிறகுதான் தெரியவருகின்றன.

ஜவானாகவோ நாயக்காகவோ சேவை முடிப்பவர் ஏறக்குறைய நாற்பது வயதுக்குள் வீடு திரும்பிவிடுகிறார். அப்போது பிள்ளைகள் உயர்நிலை வகுப்புகளில் இருப்பார்கள். நிரந்தரமாக வீட்டில் இருக்கும் தந்தை அவர்களுக்குப் புதியவர், அவருக்கும் அவர்கள் புதியவர்கள். பதினேழு, இருபது ஆண்டு உத்தரவுகளுக்குள் வாழ்ந்தவர் இப்போது வங்கிக் காவலர் வேலைக்கோ தனியார் நிறுவனப் பாதுகாப்பு வேலைக்கோ விண்ணப்பம் எழுதுகிறார். அந்த ஆண்டு பிள்ளையின் நடத்தையில் மாற்றம் தெரிந்தால், பத்தாம் வகுப்பு அழுத்தம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுகள் முடிந்தபின் 25 விழுக்காட்டினர் வரைதான் படையில் நீடிப்பார்கள். அதனால் தந்தையைப் பிரியும் பிள்ளைகளின் இந்தச் சிக்கல் தானாக மறைந்துவிடும் என்று நினைக்கவும் வேண்டாம். இன்று உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் அதற்கு முன் சேர்ந்தவர்களின் பிள்ளைகள். அவர்களின் தம்பி தங்கைகள் இன்னும் பல ஆண்டுகளுக்கு வந்துகொண்டே இருப்பார்கள்.

இங்கிலாந்தில் 2011 முதல், படைவீரர் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது படிக்கும் அரசுப் பள்ளிக்குத் தனி நிதி தருகிறார்கள். அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களும், இடம் மாறும் படைவீரர் பிள்ளையின் சேர்க்கை, மதிப்பெண், பாடத் தொடர்ச்சி பற்றித் தமக்குள் ஓர் உடன்பாடு வைத்திருக்கின்றன. இங்கே அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது உங்களைப் போன்ற ஓர் ஆசிரியரின் நல்லெண்ணம். அதை நம்பித்தான் கணவரை அனுப்பிவிட்டு அந்தத் தாய் உங்கள் வாசலுக்கு வருகிறார்.

போகும்போதும் அதே அக்கறை வேண்டும். தந்தைக்கு மீண்டும் பீஸ் போஸ்டிங் வந்து பிள்ளை புறப்படும்போது டி.சி.யை அன்றே கொடுங்கள். அதோடு, எந்தப் பாடத்தில் எதுவரை முடித்தது, எதில் வலிமை, எதில் உதவி தேவை என்று ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள். அடுத்த பள்ளியின் ஆசிரியர் தமிழ் அறியாதவராக இருப்பார். பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு பக்கத்தில்தான் அவரைச் சென்றடையும்.

வரும் ஜூனில் சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் ‘ராணுவம்’ என்று எழுதும்போது தாயிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அவர் இப்போது இருப்பது குடும்பம் போகக்கூடிய இடமா, போக முடியாத இடமா? அடுத்த விடுப்பு ஏறக்குறைய எப்போது? ஊர்ப்பெயர் கேட்க வேண்டாம். அந்த இரண்டு பதில்களையும் அன்றே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.